சட்டைக்கு மேலே கேட்ட இதயம்

“சட்டைக்கு மேல வேணாம் டாக்டர். உள்ள வச்சுக் கேளுங்க. இடது மார்புக்குக் கீழ.”

சொல்லி முடிப்பதற்குள் அம்மா என் முழங்கைக்கு மேலே கிள்ளிவிட்டாள். ஆம்பளை முன்னால் வாயில் வரவே கூடாது என்று எனக்குப் பதிமூன்று வயதிலிருந்து சொல்லி வளர்த்த வார்த்தையை, அதுவும் எங்கள் தெருவே கையெடுத்துக் கும்பிடும் ஊசி டாக்டரிடம், ஒரு கோரிக்கையாகவே வைத்துவிட்டேன்.

ஊசி டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பைக் காதிலிருந்து கழற்றினார். அவருடைய கிளினிக்கில் கட்டில் கிடையாது. ஒரு மேஜை, சுற்றுகிற ஸ்டூல் ஒன்று, மருந்துக் கம்பெனிக்காரன் கொடுத்த காலண்டர். நோயாளி ஸ்டூலில் உட்கார வேண்டும், அவர் மேஜைக்கு அந்தப் பக்கத்திலிருந்து எட்டி, கழுத்தெலும்புக்குப் பக்கத்தில் வைத்துக் கேட்பார். பெண்களுக்கு அங்கே மட்டும்தான்.

“என்னம்மா பேச்சு இது?” என்றார், என்னிடமில்லை, அம்மாவிடம்.

“படிச்சிட்டாள்ல டாக்டர், அந்தத் திமிரு. நீங்க ஒண்ணும் நெனச்சுக்காதீங்க.”

“சின்ன வயசுல இருந்த சத்தமெல்லாம் எப்பவோ போயிருச்சு. இவளுக்கு ஹார்ட்ல ஒண்ணுமில்ல. ரத்தம் கம்மி, அதான் மூச்சு வாங்குது. டானிக் எழுதித் தரேன்.”

“எங்க வச்சுக் கேட்டுட்டு ஒண்ணுமில்லங்கிறீங்க?” என்று கேட்டேன்.

இரண்டாவது கிள்ளு முதலாவதைவிட ஆழமாக விழுந்தது.

நான் வேலை பார்க்கும் கணக்கு அலுவலகம் மூன்றாவது மாடியில். லிஃப்ட் முதலாளிக்கும் விருந்தாளிக்கும். கொஞ்ச மாதங்களாக இரண்டாவது மாடித் திருப்பத்தில் நின்று, சுவரில் ஒட்டியிருக்கும் தீயணைப்பு வாசகத்தைப் படிப்பதுபோல நடித்து மூச்சு வாங்கிவிட்டுத்தான் ஏறுகிறேன். அதை மனப்பாடமாகவே சொல்லுவேன். ஒருநாள் மதியம், வேலை இல்லாத நேரத்தில், எனக்குச் சின்ன வயதில் வந்த வியாதியின் பெயரைக் கம்ப்யூட்டரில் தட்டினேன். ருமாட்டிக் காய்ச்சல். ஒரு மார்பின் படம் வந்தது. வால்வுச் சத்தத்தை எங்கே கேட்க வேண்டும் என்று அதில் ஒரு வட்டம். இடது மார்புக்குக் கீழே, கொஞ்சம் பக்கவாட்டில்.

அந்த இடத்தில் என்னை யாரும் தொட்டே வருஷக்கணக்காயிற்று என்பது அப்போதுதான் உறைத்தது. அதிலிருந்து எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. பயத்தினால் அல்ல. சத்தம் போனதா, இல்லை கேட்கிற காதுதான் போனதா என்று தெரிந்தாக வேண்டும்.

பத்து வயதில் எனக்குத் தொண்டை வலி வந்தது. வீட்டில் எல்லாருக்கும் வந்தது. அப்பாவின் மோட்டார் ரிப்பேர்க் கடைக்குப் பின்னால் இரண்டே அறை, அதில் ஒன்று சமையலுக்கு. மற்றதில் அப்பா, அம்மா, அண்ணன், நான் என்று வரிசையாகப் படுப்போம். ஒருத்தர் இருமினால் நாலு பேரும் இருமுவோம். எல்லாருக்கும் சரியாயிற்று, எனக்கும். பள்ளிக்கூடம் போனேன். கொஞ்ச நாள் கழித்துத் திரும்பக் காய்ச்சல், கூடவே வலது முட்டி வீங்கித் தொடவிடாமல் வலித்தது. அப்பா எண்ணெய் தேய்த்தார். மறுநாள் முட்டி சரியாகிக் கணுக்கால் பிடித்துக்கொண்டது. கணுக்காலுக்குக் கட்டுப் போட்டால் வலி முழங்கைக்கு ஏறிவிட்டது.

“நேத்து முட்டின்னே, காலையில கணுக்கால்னே, இப்ப முழங்கையா? நாளைக்கு மூக்கா?” என்றான் அண்ணன். அன்றைக்கு வைத்த பெயர்தான் நாடகம். “நாடகம், எந்திரி.” “நாடகம், தண்ணி கொண்டா.” அம்மாகூட அப்படியே கூப்பிட ஆரம்பித்தாள். அதற்கப்புறம் கையும் சொன்னபடி கேட்கவில்லை. தட்டைத் தூக்கினால் தானாக உதறிக் கீழே போட்டது. எழுத்து கோணிக்கொண்டு கோட்டை விட்டு வெளியே ஓடியது. முகம் அதுபாட்டுக்குச் சுளித்தது. டீச்சர் பழிப்புக் காட்டுகிறேன் என்று அடித்தார். நான் அழுதேன், அழும்போதும் முகம் சுளித்தது. அதற்கும் அடி விழுந்தது.

ஊசி டாக்டர்தான் கண்டுபிடித்தார். அதை மறைக்க மாட்டேன். சிம்மீஸைத் தூக்கி நெஞ்சில் வைத்துக் கேட்டுவிட்டு, “உஸ்ஸுன்னு ஒரு சத்தம் வருது. வால்வுல கசியுது,” என்றார் அப்பாவிடம். மூன்று வாரத்துக்கு ஒரு பென்சிலின் ஊசி. இடுப்புக்குக் கீழே, கெட்டியான வெள்ளை மருந்து, உள்ளே இறங்குவதற்குள் உயிர் போய் வரும். அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு சுவரைப் பார்ப்பார். அழுவது நானென்றாலும் வேர்ப்பது அவருக்கு.

பிறகு நான் வளர்ந்தேன். வளர்ந்தேன் என்றால் அம்மா கூடவே வந்து ஸ்டூலுக்குப் பின்னால் நிற்க ஆரம்பித்தாள். “மேலயே வச்சுப் பாருங்க டாக்டர்,” என்பாள். டாக்டரும் கண்ணை வேறுபக்கம் திருப்பிக்கொண்டு, சீருடையும் அதற்கு மேலே கோட்டுமாக இருந்த என் கழுத்தடியில் வைப்பார். “கொறஞ்சிருக்கு,” என்றார் ஒரு வருஷம். “நல்லாவே கொறஞ்சிருக்கு,” அடுத்த வருஷம். எனக்குப் பதினாறு நடக்கும்போது, “சத்தமே இல்ல!” என்றார். அப்பா அன்றைக்குத் தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு வந்தார். பம்பு மோட்டார் சரி பண்ணுகிற மனிதர். அவருக்குச் சத்தம் போட்டால் ரிப்பேர், சத்தம் நின்றால் டெலிவரி. ஊசி நின்றது. நானும்தான் குதித்தேன், பொய் சொல்வானேன்.

ஊசி டாக்டரிடம் கேட்டு அவமானப்பட்ட மறுவாரம், லீவு போட்டுவிட்டு, வீட்டில் சொல்லாமல் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன். எக்கோ அறை இருட்டாக, ஏசி குளிரில் விறைத்துக்கிடந்தது. ஸ்கேன் எடுக்கிற அக்கா ஒருத்தி, வாயில் கிராம்போ ஏதோ அடக்கிக்கொண்டு, “மேல் சட்டையைக் கழட்டும்மா, இந்தத் துணியைப் போத்திக்கோ. இடது பக்கமா ஒருக்களிச்சுப் படு. கையைத் தலைக்கு மேல வை,” என்றாள், பஸ்ஸில் நகர்ந்து உட்காரச் சொல்வதைப் போல. எவ்வளவு சாதாரணமான வாக்கியம்! இதற்காகவா இத்தனை வருஷம்!

“எதுக்குக்கா இடது பக்கம்?”

“அப்பதான் ஹார்ட் முன்னாடி வந்து நெஞ்சுக்கூட்டுல ஒட்டிக்கும். நல்லாத் தெரியும். சத்தம் கேக்கறவங்களும் இப்படிப் படுக்க வச்சுத்தான் கேக்கணும். ஏன், உன்னை யாரும் படுக்க வச்சுப் பாத்ததில்லையா?”

“ஸ்டூல்ல உக்கார வச்சுத்தான்.”

அவள் கிராம்பை இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னத்துக்கு மாற்றினாள். ஜெல்லைத் தடவி, கருவியை என் மார்புக்குக் கீழே அழுத்தினாள். அந்த வட்டம் போட்டிருந்த அதே இடம். திரை அவள் பக்கம் திரும்பியிருந்தது, எனக்கு அதன் வெளிச்சம் மட்டும் சுவரில் தெரிந்தது.

“எனக்கும் காட்டுங்கக்கா.”

“உனக்கு என்ன புரியும்?”

“புரியலைன்னா கேக்கறேன். என் ஹார்ட்தானே?”

“வாயைப் பாரு,” என்று சிரித்துவிட்டுத் திரையைத் திருப்பினாள்.

கறுப்பும் சாம்பலுமாக ஒரு விசிறி. அதற்குள்ளே இரண்டு மெல்லிய நாக்குகள் திறந்து மூடிக்கொண்டிருந்தன. திறந்து, மூடி. நான் பார்க்கிறேன் என்று தெரிந்ததும் வேகமாயின. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இருபத்திரண்டு வருஷம் ஒரே உடம்பில் குடியிருந்துவிட்டு இப்போதுதான் முகத்தைப் பார்க்கிறோம்.

“அந்த ரெண்டும்தான் கதவா?”

“ஆமா. மேல் அறையிலிருந்து கீழ் அறைக்கு ரத்தம் இறங்கத் தொறக்கும். கீழ் அறை அழுத்தும்போது மூடிக்கணும். மூடிட்டா ரத்தம் உடம்புக்குப் போகும்.”

“என்னோடது மூடுதா?”

“நுனியைப் பாரு. தடிச்சுப்போய் இருக்கு பாரு, கை காய்ச்சுப்போன மாதிரி.” அவள் ஒரு பொத்தானை அழுத்தினாள். விசிறிக்குள் சிவப்பு ஓடி வந்தது. “இது கீழ இறங்குற ரத்தம். இப்ப மூடும் பாரு.”

மூடியது. மூடிய கதவின் இடுக்கிலிருந்து நீலமும் மஞ்சளும் பச்சையும் கலந்து ஒரு பீச்சல் மேல் அறைக்கே திரும்பிச் சீறியது. மறுபடி சிவப்பு. மறுபடி சீறல். யாரும் விளக்கவே வேண்டியிருக்கவில்லை.

“இதுதான் அந்த உஸ்.”

“அதேதான். ரிப்போர்ட்டை நான் சொல்லக் கூடாது, டாக்டரம்மா சொல்லுவாங்க,” என்றாள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டு.

டாக்டரம்மா குட்டையாக, அவசரமாக இருந்தார். படத்தைப் பார்த்தார். என்னைப் படுக்கவைத்து, ஸ்டெதாஸ்கோப்பை உள்ளே வைத்துக் கண்ணை மூடிக் கேட்டார். அந்த முகத்தில் கூச்சமும் இல்லை, கருணையும் இல்லை, கவனம் மட்டும் இருந்தது. அதற்காகவே அவரை எனக்குப் பிடித்துப்போனது.

“சின்ன வயசுல மூட்டு வலி வந்துச்சா? ஒரு இடத்துல நிக்காம மாறி மாறி?”

“ஆமா.”

“கை காலு தன்னால ஆடுச்சா? சாமானைக் கீழ போட்டியா? எழுத்து கோணுச்சா? முகம் சுளிச்சுதா? எல்லாரும் வேணும்னே பண்றேன்னு சொன்னாங்களா?”

எங்கள் சமையலறையில் நின்று பார்த்தவர் மாதிரி வரிசையாகக் கேட்டார். நான் எழுந்து உட்கார்ந்தேன். “அதுவும் இந்த வியாதியா?”

“எல்லாம் ஒண்ணுதான். தொண்டையில ஒரு கிருமி வருது. அதை அடிக்க உடம்பு ஆள் அனுப்புது. அந்தக் கிருமியோட தோலும், நம்ம மூட்டு, மூளை, ஹார்ட் வால்வு இதெல்லாம் பாக்கக் கொஞ்சம் ஒரே ஜாடை. போன ஆளு கிருமியை முடிச்சுட்டு, ஜாடையைப் பாத்து வீட்டு ஆளையும் அடிச்சுட்டு வர்றான். எல்லாருக்கும் இது வராது, சில பேருக்கு வருது. மூட்டுல அடிச்சது சுத்தமா ஆறிடும். மூளையில அடிச்சது அடங்கிடும். வால்வுல அடிச்சதுதான் தழும்பா நிக்கும்.”

“அப்ப அந்த ஊசி வால்வுக்கு இல்லையா?”

“தழும்பை ஊசி என்ன பண்ணும்? அது தொண்டைக்கு. திரும்பக் கிருமி வரவிடாம காவல். ஒவ்வொரு தடவை இந்தக் காய்ச்சல் திரும்பும்போதும் அதே வால்வுல இன்னொரு அடி விழும். எப்ப நிறுத்துன?”

“பதினாறுல.”

“நடுவுல தொண்டை வலி, காய்ச்சல், மூட்டு வலின்னு ஏதாவது?”

காலேஜ் கடைசி வருஷம். விடுதியில் பாதிப் பேருக்குத் தொண்டை வலி. எனக்கு அப்புறம் தனியாகக் காய்ச்சல். கணுக்கால் இரண்டும் வீங்கியது. பரீட்சைக்குப் பயந்து நடிக்கிறேன் என்று சொல்லிவிடுவார்களே என்று யாரிடமும் சொல்லவில்லை. நொண்டிக்கொண்டே போய்ப் பரீட்சை எழுதினேன். எங்கள் குடும்பத்தின் முதல் பட்டம் அப்படித்தான் வந்தது.

அதைச் சொன்னேன். டாக்டரம்மா பேனாவை மூடினார். “கசிவு நடுத்தரமா இருக்கு. இப்பவே ஆபரேஷன் வேணாம். ஆனா ஊசியை நீ நிறுத்தியே இருக்கக் கூடாது. நாப்பது வயசு வரைக்கும் போடணும். இன்னொரு அடி வாங்குனா இந்த வால்வு தாங்கும்னு நான் சொல்ல மாட்டேன். ஊசி ரூம் மூடிட்டாங்க. நாளைக்குக் காலையில வா.”

சாயங்காலம் அப்பா கடை வாசலில் ஒரு மோட்டாரைப் பிரித்துப்போட்டு உட்கார்ந்திருந்தார். செம்புக் கம்பியும் வார்னிஷ் வாடையும். கதவில் சாய்ந்துகொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா உள்ளிருந்து வந்து நின்றாள்.

“சத்தம் இல்லன்னாரே,” என்றார் அப்பா. அதையேதான் மூன்று முறை சொன்னார்.

“அவரு கேட்ட எடத்துல இல்லப்பா. கழுத்துகிட்ட வச்சா எப்படிக் கேக்கும்? கடை மோட்டாரை வீட்டுக்குள்ள நின்னு கேப்பீங்களா?”

“ஏய், மெதுவாப் பேசு. தெருவுக்கே கேக்குது,” என்றாள் அம்மா.

“தெருவுக்கெல்லாம் கேக்குது. டாக்டருக்குத்தான் கேக்கலை.”

“அவரைப் பத்திப் பேசாதே.” அப்பா ஸ்பேனரைக் கீழே வைத்தார். “இவளைப் படிக்க வைய்யா, மூளைக்காரின்னு எங்கிட்ட வந்து உக்காந்து சொன்னவரு. அவரு சொல்லலைன்னா நீ இன்னைக்கு எனக்குக் கம்பி சுத்திக்கிட்டு இருந்திருப்பே. அவரை விட்டுட்டு இன்னொருத்தர்கிட்ட ஊசி போட்டா அவரு மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்?”

“அவரு மூஞ்சியா, என் வால்வா?”

“அந்த ஊசி போட்டு அங்கயே செத்தவன் இருக்கானாம். அவரே சொல்லியிருக்காரு.”

“அலர்ஜி இருக்கறவங்களுக்குப்பா. ஆயிரத்துல ஒருத்தருக்குக்கூட இல்ல. எனக்கு ஆறு வருஷம் போட்டு ஒண்ணும் ஆகலை. நீங்கதானே கையைப் பிடிச்சுக்கிட்டு நின்னீங்க?”

அப்பா துணியை எடுத்துக் கையைத் துடைத்தார், கறை போன பிறகும் துடைத்தார். எனக்குப் புரிந்தது. ஊசியை ஒத்துக்கொண்டால், நிறுத்தியது தப்பென்று ஆகிவிடும். தெரு முழுக்கச் சொல்லிச் சிரித்த அந்த நாளும் தப்பாகிவிடும்.

அம்மாதான் வெடித்தாள். “இப்ப எல்லாப் பழியும் என் தலையிலயா? நான்தானே மேலயே வைங்கன்னேன்? வயசுப்பொண்ணை நெஞ்சைத் தொறந்து காட்டச் சொல்லுவாங்களா? உன் மானத்தைக் காப்பாத்துனேன்டி நான்!”

“காப்பாத்துனே. மானத்தை மட்டும்.”

அம்மாவின் முகம் சிறுத்துப்போயிற்று. நான் வருத்தப்பட்டேன், ஆனால் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. உண்மையைத் திரும்ப எடுத்துக்கொண்டே பழகிய குடும்பம் இது. அதனால்தான் என் கணுக்கால் வீங்கியதை நானே மறைத்தேன்.

“நீயே கேளு வா,” என்றேன்.

“என்னத்தை?”

“சத்தத்தை. மிஷினு வேணாம். காதை வச்சாலே போதும்.”

அவளை உள்ளே இழுத்துக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினேன். பாயை விரித்து இடது பக்கமாக ஒருக்களித்துப் படுத்துச் சட்டையைத் தூக்கினேன். அம்மா அசையவில்லை. என்னைக் குளிப்பாட்டி வளர்த்தவள், யாரோ அந்நிய வீட்டுப் பெண் முன்னால் நிற்பதுபோலப் புடவை நுனியைத் திருகிக்கொண்டு நின்றாள். பிறகு முட்டி மடக்கி உட்கார்ந்து, காதை வைத்தாள். எண்ணெய்த் தலை என் விலாவில் அழுந்தியது. வெளியே அப்பா கம்பியை வெட்டும் சத்தம். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.

வெகுநேரம் காதை எடுக்கவில்லை. ஒன்றும் கேட்காத காது அத்தனை நேரம் இருக்குமா?

“எனக்கு ஒண்ணும் கேக்கலை,” என்று எழுந்தாள். சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை. பாயை நான் எழுவதற்குள் சுருட்ட ஆரம்பித்தாள்.

பொய்யா, நிஜமா? இன்றுவரை தெரியாது. கேட்டால் சொல்லவும் மாட்டாள்.

ராத்திரி அப்பா தன் தீர்ப்பைச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை ஊசி டாக்டரை வீட்டுக்கு அழைப்பது, ரிப்போர்ட்டை அவரிடம் காட்டுவது, அவர் போடு என்றால் போடுவது, அவர் கையாலேயே போடுவது. “மரியாதையா முடியும்,” என்றார். எல்லாருக்கும் மரியாதை இருந்தது அந்தத் திட்டத்தில். நான் ஒன்றும் சொல்லாமல் படுத்துவிட்டதைச் சம்மதமென்று எடுத்துக்கொண்டார்கள். நானோ இருட்டில் நெஞ்சில் கை வைத்துத் துடிப்பை எண்ணிக்கொண்டிருந்தேன். எண்ணிக்கைக்காக இல்லை. அந்த இரண்டு நாக்குகளும் இப்போது எப்படி அசைகின்றன என்று கற்பனை செய்து பார்ப்பதற்காக. ஒரு பக்கம் சீறிக்கொண்டே, நிற்காமல், யாரிடமும் சொல்லாமல் ஓடுகிறதே என்று ஆச்சரியமாக இருந்தது. அதற்கு இன்னொரு அடி வாங்கித்தர எனக்கு மனமில்லை, ஞாயிற்றுக்கிழமை வரைக்கும்கூட.

காலையில் அலுவலகத்துக்குப் போன் பண்ணி, தாமதமாக வருவேன் என்றும், மூன்று வாரத்துக்கு ஒரு காலை இப்படித்தான் ஆகும் என்றும், காரணம் ஹார்ட் வால்வு என்றும் சொன்னேன். மேனேஜர் தடுமாறி, “அதெல்லாம் சொல்லணும்னு அவசியமில்லம்மா,” என்றார். “நீங்க தெரிஞ்சுக்கிட்டா நல்லதுதான் சார். அந்த லிஃப்டையும் இனிமே நான் எடுப்பேன்,” என்றேன்.

அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். “ஆபீசுக்கு இவ்வளவு சீக்கிரமா?”

“ஆஸ்பத்திரிக்கு.”

“ஞாயித்துக்கிழமைன்னு அப்பா சொன்னாரே!”

“சொன்னாரு.”

“ஏங்க, இங்க வாங்க! இந்த நாடகம் கெளம்பிருச்சு பாருங்க!”

அப்பா பனியனோடு கடைப்பக்கத்திலிருந்து வந்தார், பல் தேய்த்த நுரை வாயில் இருந்தது. வழியை மறிக்கிறாரா, வெறுமனே நிற்கிறாரா என்று அவருக்கே தெரியவில்லை. “ஞாயித்துக்கிழமை அவரு வந்து கேட்டா நான் என்ன சொல்றது?”

“அவளே போய் ஊசி போட்டுக்கிட்டாள்னு சொல்லுங்க.”

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, அவரைச் சுற்றிக்கொண்டு, படியிறங்கித் தெருவில் நடந்தேன்.